பெட்டி அட்டையில் அமெரிக்க மலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நான் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடந்த முட்டைக்கோஸ் பெட்டி அட்டை. அதன் ஓரங்கள் சுருளாமல் இருக்க மிளகாய் சாஸ் போத்தலையும் லோரி சாவியையும் இரண்டு தேநீர்க் குவளைகளையும் வைத்திருந்தார்கள். தேநீரில் ஆடை படிந்திருந்தது. அண்ணனும் அண்ணியும் அதைத் தொடவே இல்லை.

அட்டையில் அண்ணன் நீல மார்க்கரால் அமெரிக்க மலைச்சாலை ஒன்றை வரைந்திருந்தார். அவருடைய மகள் பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் அங்கே இலைகள் உதிர்வதற்கு முன் மலை முழுக்கச் சிவந்துபோகும், வாடகைக் கார் எடுத்துச் சுற்றலாம், இருவரும் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். அண்ணி எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் பொட்டலம் கட்டுகிறார். எந்த ஊருக்கும் போகவேண்டும் என்று வாய்திறந்து கேட்டதில்லை. இதைக் கேட்டார்.

"படிங்க தம்பி," என்று அட்டையை என் பக்கம் தள்ளினார். "பேப்பர்ல வேல பாத்தவங்கதானே. ஒங்க அண்ணன் போட்ட பிளான படிங்க."

படித்தேன். ஒவ்வொரு நாளும் அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பாடு. விடிவதற்குள் அடுத்த ஊர். பிறகு ஹோட்டலில் தூக்கம்.

அண்ணன் எங்கள் மலையூரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரிக்காரர். விடுமுறை நாளில் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் கியா பார்ம் சாலையில் மாட்டினால் சரக்கு வாடிவிடும். அதனால் ஊர் எழுவதற்கு முன்பே மலையிறங்கிவிடுவார். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனாலும் அதே நேரம்தான். மகளின் பட்டமளிப்புக்குப் போனதும் அப்படித்தான்.

"இருட்டுல எல எப்பிடி தெரியும்?" என்றார் அண்ணி.

"ஹைபீம் போட்டா தெரியும் லா."

"கீழ எறங்குற வழியில கம்போங் ராஜாவத் தாண்டுனா மலை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஒங்ககூட எத்தன வருசமா போறேன்?"

"பத்திரமா போயி சேந்தியா இல்லியா?"

"கோஸும் பத்திரமாத்தான் போயி சேருது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அது போதவில்லை அவருக்கு. "எதுக்குடா ஒதட்டக் கடிக்கிற?" என்றார்.

சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் சுற்றுலாக்காரர்கள் இறங்கி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களைக் கையால் காட்டினார். "இந்த எலயப் பாக்க எங்கெங்கேருந்தோ வர்றானுங்க. நான் ஒரு எலயப் பாக்கப் போனா மட்டும் கண்ண மூடிக்கிட்டுப் போகணும்."

"லீவுக் கூட்டத்துல நான் ஓட்ட மாட்டேன். பகல்ல போறதுன்னா நீயே ஓட்டு."

அண்ணி கைப்பேசியை எடுத்தார். மகளை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"அப்பா, அங்க ராத்திரியில ரோட்டுல மான் குறுக்க வரும்," என்றாள் மகள். "நானே ஓட்டுறேன். பகல்ல போவோம். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வாங்க, போதும்."

அண்ணன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவது மேசைப் பலகை வழியாகக் கேட்டது.

"ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வச்சிட்டீங்க. நேத்து லைசென்ஸ் எடுத்தவ எனக்கு மலை ரோடு காட்டப் போறாளா? நான் பக்கத்துல பொம்ம மாதிரி உக்காரணுமா?" பிறகு என்னிடம், "நீ சொல்லுடா. யார் சொல்றது சரி?"

"எலயப் பாக்கத்தானே போறீங்க. பகல்ல போறதுதான் சரி," என்றேன்.

"ஒன்ன எவன்டா கேட்டான்?"

சாவியை உருவினார். சாஸ் போத்தல் சாய்ந்து உருண்டது. அண்ணி அதைப் பிடித்து நிமிர்த்தினார். அண்ணன் அட்டையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் லோரிக்கு அடியில் எண்ணெய் ஒழுகும் இடத்தில் அது கிடந்தது. மார்க்கர் கோடு பாதி கறுத்திருந்தது.

அக்டோபரில் அண்ணி தனியாகப் போனார். விமானம் மாலையில். அண்ணன்தான் விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டார். வீட்டிலிருந்து அவர்கள் கிளம்பியது அதிகாலை மூன்று மணிக்கு.