வாப்பாவின் குளிர்ப்பெட்டியும் இரண்டாம் பற்றரியும்

பயணங்களுக்கு உடன் கொண்டுசெல்லத்தக்க சிறு குளிர்ப்பெட்டிகளை இக்காலத்து இளைஞர்கள் தங்கள் வாகனங்களில் வைத்து, அவற்றுக்கென்றே மின்சாரம் தரும் இரண்டாவது பற்றரி ஒன்றையும் பொருத்திக்கொண்டு, பாசிக்குடாக் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்குகின்றனர். அதனை அவர்கள் புதுமையெனக் கருதுவதில் தவறொன்றுமில்லை. ஆயினும், ஏறாவூரில் எங்கள் தெருவுக்கு மின்சாரமே வந்திராத நாட்களில் அவ்விதமான பெட்டியொன்று எங்கள் வளவுக்கு வந்தது. வளவுக்குத்தான் வந்தது, வீட்டுக்குள் ஒருபோதும் வரவில்லை.

அதனைக் கொண்டுவந்தவர் என் தகப்பனார், வாப்பா. நான் தவழும் பருவத்தில் அரபு நாட்டுக்குச் சென்ற அவர், நான் ஓதப்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின்னரே திரும்பினார். அங்கே பாலைவனத்தில் வீதி அமைப்போருக்காகத் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டுவது அவருடைய தொழில். பவுசரில் அவருக்குத் துணையாயிருந்த அந்தப் பெட்டியை, வேலை முடிந்து தன் நாட்டுக்குப் போன வெள்ளைக்கார மேலாளர் அவருக்கே கொடுத்துவிட்டாராம். பச்சை நிறம். பயணப்பெட்டி அளவு. இருபுறமும் கைப்பிடி இருந்தமையால் ஒருவரே தூக்கிவிடலாம். வானொலியும் கம்பளியும் எதிர்பார்த்திருந்த உறவினர்கள், அதனைச் சுற்றி நின்று மரியாதையுடன் பார்த்துவிட்டுக் கலைந்து சென்றனர்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்த ஆண் தன் உடுப்புகளுடன் பெண்வீட்டுக்கு வந்து சேர்வதே வழக்கம். அவ்வாறு வந்து, அவ்வீட்டில் நிலைத்திருக்க நேரமில்லாமற் போன வாப்பா, சுவரில் சாய்வதற்கும் அனுமதி கேட்பவர்போலவே நடந்துகொண்டார். வீட்டின் நிருவாகம் உம்மாவின் மூத்த சகோதரரான மாமாவிடம் இருந்தது. பிரதான வீதியில் பலசரக்குக் கடை நடத்திவந்த அவர், அடுத்த வளவில் தம் மனைவியின் வீட்டில் குடியிருந்தார். எனினும் அவருடைய அதிகாரம் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தது.

பெட்டியை எங்கே வைப்பதென்று வாப்பாவும் கேட்கவில்லை. இங்கே வையுங்கள் என்று எவரும் கூறவுமில்லை. அவர் பழைய வேனொன்றை வாங்கி, வேலியோரத்து வேப்பமர நிழலில் நிறுத்தி, பெட்டியை அதற்குள் வைத்து வேனின் பற்றரியில் தொடுத்தார். மறுநாட் காலையில் பெட்டிக்குள் இருந்த தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. வேனோ அசைய மறுத்தது. அயலவர் கூடித் தள்ளவேண்டியதாயிற்று.

“வேன் நம்மள ஏத்திட்டுப் போகுமெண்டு பார்த்தா, நாமதான் வேனக் கூட்டிட்டுப் போறம் மச்சான்!” என்று மாமா சொல்ல, தள்ளியவர்கள் சிரித்துச் சிரித்துத் தள்ளினார்கள். வாப்பாவும் சிரித்தார்.

அதன்பிறகே இரண்டாவது பற்றரி வந்தது. அதனைச் சாரதி ஆசனத்தின் பின்னால் வைத்து, பெட்டியை அதில் தொடுத்து, இரண்டு பற்றரிகளுக்கும் இடையே, அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு விசையையும் பொருத்தினார். அந்த விசையை இயக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

“என்ஜின் ஓடுற நேரம் ரெண்டும் சேந்திருக்கணும் மகள். அப்பதான் ரெண்டும் நிறையும். நிப்பாட்டின உடன பிரிச்சிரணும். இல்லாட்டி பெட்டி ரெண்டையும் குடிச்சிரும், வேன் கிளம்பாது.”

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. வாப்பாவோ எனக்கு அந்நியராகவே இருந்தார். என்ன பேசுவதென்று எங்களிருவருக்கும் தெரியாது. “சேத்தாச்சா மகள்?” “சேத்தாச்சு.” “பிரிச்சாச்சா?” “பிரிச்சாச்சு.” பல நாட்கள் எங்களுக்கிடையில் நிகழ்ந்த உரையாடல் அவ்வளவே. கச்சான் காற்று வாவிப்பக்கத்திலிருந்து அனலை அள்ளிவந்து வீசும் பின்னேரங்களில், அவர் வேனின் கதவைத் திறந்துவைத்து, பெட்டியின் முனகலைக் கேட்டபடி தனியே அமர்ந்திருப்பார். “இதுட சத்தம் மட்டுந்தான் அங்க எனக்குப் பேச்சுத் துணை,” என்று ஒருநாள் கூறினார். உம்மா அவருக்கான தேநீரை என்னிடமே கொடுத்தனுப்புவார். அயலார் பார்க்க, முற்றத்தைக் கடந்து வேனடிக்கு வந்து நின்று கணவருடன் பேசுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வாப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. மாமாவின் கடை விறாந்தையில் குளிர்பானம் விற்கத் தொடங்கி, அது நிலைத்துவிட்டால், திரும்பிப் போகாமல் ஊரிலேயே இருந்துவிடலாம் என்பதே அது. நோன்பு மாதத்தில், மிகுந்த தயக்கத்துடன் அதனை மாமாவிடம் கூறினார்.

மாமா தாடியைத் தடவினார். “வெள்ளிக்கிழம நோன்பு திறக்க யாவாரிமார் கொஞ்சப் பேரக் கூப்பிட்டிரிக்கன். உங்கட பெட்டியில சர்பத் வைங்க மச்சான். பல்லுக் கூசினா, பெருநாளையோட விறாந்தை உங்களுக்குத்தான்.”

கூசாவிட்டால் என்னவென்று அவர் கூறவில்லை. பெருநாள் கழிந்ததும் வாப்பா அரபு நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்ததே. எனக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, வாப்பா தாமே பாலைக் காய்ச்சி, சர்பத் கலந்து, கசகசா ஊறவிட்டு, போத்தல்களில் நிரப்பிப் பெட்டிக்குள் அடுக்கினார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமா வந்தார்.

“மச்சான், வேனக் கொஞ்சம் தாங்க. ஓட்டமாவடியில அரிசி மூட்டை கிடக்கு. நான் போய் ஏத்திட்டு வாறன். நீங்க நோன்போட வெயிலில அலைய வேணாம்.”

வாப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். மாமாவிடம் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. விசையைப் பற்றி மட்டும் திரும்பவும் திரும்பவும் விளக்கிவிட்டு, “மகளும் வரட்டும். அவவுக்குத் தெரியும்,” என்றார்.

“அப்ப டிரைவர் அவதான்,” என்று மாமா சிரித்தார்.

வேன் ஓடத் தொடங்கியதும் நான் விசையைச் சேர்த்தேன். மாமா கையை நீட்டிப் பிரித்துவிட்டார். வீட்டில் விளக்கு எரிந்தாலே எண்ணெய் வீணாகிறதே என்று திரியை இறக்குபவர் அவர்.

“மாமா, ஓடக்குள்ள சேக்கணும். வாப்பா சொன்னவரு.”

“ஓடக்குள்ள காத்துப் படுதுதானே புள்ள! பெட்டி தன்பாட்டில குளிரும். நிக்கக்குள்ளதான் அதுக்குக் கறன்ட் வேணும்.”

அவ்வாறே அவர் வேனை நிறுத்திய இடங்களிலெல்லாம் விசையைச் சேர்த்தார். நிறுத்தியதும் ஓரிடத்திலல்ல. ஓட்டமாவடியில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டபோதெல்லாம் வேனை நிறுத்தி, “எங்கட மச்சான் கொண்டந்தவரு. இந்த ஏரியாவில ஒருத்தருக்கிட்டயும் இல்ல,” என்று பெருமையுடன் பெட்டியைத் திறந்து காட்டினார். வீட்டில் அவர் ஒருநாளும் பேசியிராத பேச்சு அது. நோன்பாளிகளான அவர்கள் ஒரு மிடறும் குடிக்கவியலாதவர்களாய், கையை மட்டும் உள்ளே விட்டுப் போத்தல்களைத் தொட்டு, குளிர்ந்த விரல்களைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். அரிசிக்கடையின் முன்னால், வெயிலில், விசை சேர்ந்தபடியே வேன் வெகுநேரம் நின்றது. மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பியபோது அது இருமக்கூட இல்லை. உழவு இயந்திரமொன்றில் கயிறு கட்டியே இழுத்துவந்தார்கள்.

வாப்பா வேலிப் படலையருகே நின்றிருந்தார். வேன் இழுபட்டு வருவதைக் கண்டதும் உள்ளே ஏறிப் பார்த்தார். விசை சேர்ந்திருந்தது. பெட்டியின் முனகல் இல்லை. அதன் மூடிமேல் சற்று நேரம் கையை வைத்திருந்தார். பின்பு விசையைப் பிரித்துவிட்டு, போத்தல்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பேரீச்சம்பழத்தை வாயிலிட்ட விருந்தாளிகளுக்கு வாப்பா தாமே சர்பத்தை வார்த்துக் கொடுத்தார்.

“இனிப்பு அளவா இரிக்கி,” என்றார் ஒருவர், நாகரிகமாக.

“மச்சான், இது சர்பத்தா, ஆறின தேத்தண்ணியா?” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தனர்.

நான் வாயைத் திறந்தேன். வாப்பாவின் கை என் தோளை மெல்ல அழுத்தியது.

“பெட்டி பழசாப் போச்சு மச்சான். அங்கயே விட்டுட்டு வந்திருக்கணும்,” என்றார் வாப்பா.

மாமா அவரை ஒருகணம் பார்த்தார். பிறகு குனிந்து கஞ்சியைக் கலக்கலானார். விறாந்தையைப் பற்றி அவர் பேசவில்லை. வாப்பாவும் கேட்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்தை மறைத்த திரைக்கு அப்பாலிருந்து உம்மாவின் கை நீண்டது. வாப்பா கிளாஸை நிரப்பி அந்தக் கையில் கொடுத்தார். திரைக்குப் பின்னால் சென்று உம்மாவின் அருகே நின்றேன். அவர் இடையில் நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். பிறகு, அந்நிய ஆண்கள் இருக்கும்போது குரல் காட்டாத என் உம்மா, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நல்ல குளிர். இன்னும் கொஞ்சம் தாங்க.”

வாப்பா மீண்டும் வார்த்தார். கிளாஸ் நிரம்பி வழிந்து, சர்பத் திரையில் சிந்தியது. நான் கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். வெயிலில் வைத்த தண்ணீர்போல அது சுட்டது. “சுடுகுதும்மா,” என்றேன். உம்மா என் வாயைப் பொத்தினார்.

பெருநாள் முடிந்த கையோடு வாப்பா புறப்பட்டுப் போனார். எனக்கு உம்மாமீது இரக்கமாக இருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து அதுவரை அவர் ஒரு துளியும் குடித்திராதபடியால், குளிர் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை என்று முடிவுசெய்தேன். வாப்பா அடுத்தமுறை வரும்போது, அதனை அவருக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கச் சொல்லவேண்டுமென்றும் எண்ணிக்கொண்டேன்.