கட்டிலுக்குக் கீழே ஒரு கால்

போன கிழமை தபாலில் ஒரு சஞ்சிகை வந்தது. கொழும்பில் அச்சாகிறது. வழுவழுப்பான தாளில் அடுத்தவர் வீடுகளைக் காட்டி நம்மை ஏங்க வைக்கிற வகை. நடுப்பக்கத்தைப் பிரித்தேன். இரண்டு பக்கத்துக்கும் விரிந்த பெரிய படம். அதில் என் தங்கை சுகந்தியின் கால்.

முகம் இல்லை. கை இல்லை. கால் மட்டும். மெட்டி போட்ட விரல்கள்... பக்கத்தில் உருண்டு கிடக்கும் ஒரு வெங்காயம்.

முதலில் இருந்தே சொல்லி விடுகிறேன்.

சுகந்தி என் சித்தியின் மகள். அளவெட்டியில் இருக்கிறாள். கணவர் ரூபன் சுவிஸில். ஒரே மகள், எட்டு வயது. பிறப்புச் சான்றிதழில் நாக்கைச் சுளுக்க வைக்கும் ஒரு பெயர் இருக்கிறது, வீட்டில் குஞ்சு.

ரூபனின் உழைப்பில் எழும்பிய வீடு அது. மேலும் கீழுமாக ஐந்து அறைகள். ஐந்திலும் ஆள் இல்லை! தாயும் மகளும் படுப்பது நடு ஹோலில், ஃபானுக்குக் கீழே, ஒரே பாயில். சுகந்தியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம் ஊரில் பாதி வீடுகளில் இதுதானே நடக்கிறது? அறைகள் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு. கதிரையில் பொலித்தீன் உறை. குளியலறையில் யாரும் முகம் துடைக்காத துவாய். நாங்கள் வீடு கட்டுவது படுப்பதற்கு அல்ல — காட்டுவதற்கு.

அந்த ஐந்தில் ஒன்று 'பிள்ளையின் அறை'. ரூபனின் கட்டளை. சுவிஸில் கைக்குழந்தை கூடத் தனியறையில்தான் படுக்குமாம். அங்கே இருக்கும் அவருடைய அக்கா வேறு, "எட்டு வயசுப் பிள்ளையை இன்னும் முந்தானையிலை முடிஞ்சு வைச்சிருக்கிறாளோ?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ரூபன் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, "பிள்ளை தனியப் படுக்கிறாளோ?"

சுகந்தியின் பதில், "ஓம், ஓம்."

உண்மையில் அந்த அறையில் படுத்திருந்தது விதை வெங்காயம். ஈரம் இல்லாத, நல்ல காற்றோட்டமான அறை. கட்டிலுக்குக் கீழே சாக்கு விரித்துப் பரப்பி வைத்திருந்தாள். மார்கழியில் நட வேண்டுமே. மேலே மெத்தை, கீழே வெங்காயம். இரண்டுக்கும் ஒரு சண்டையும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சஞ்சிகையில் இருந்து, எழுதுகிறவள் என்று என்னைக் கேட்டார்கள். "வடக்கில் ஒரு நவீன வீடு. பிள்ளையின் தனியறை. உங்களுக்குத் தெரியாத வீடா?" நான் வாய் சும்மா இராமல் சுகந்தியிடம் சொல்லிவிட்டேன்.

துள்ளி எழும்பினாள். "அக்கா, எங்கடை வீட்டைச் சொல்லுங்கோ! புத்தகத்திலை வந்தால் இவர் பிறகு ஒரு கேள்வியும் கேக்கமாட்டார்."

படப்பிடிப்பு நாள் காலையில் போய் இறங்கினேன். குஞ்சு படலை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, போட்டோ எடுத்தால் பிறகு நான் நெடுக அந்த அறைக்கைதான் படுக்கவேணுமோ?"

"ஆர் சொன்னது?"

"அம்மா. அப்பா தைப்பொங்கலுக்கு வாறாராம். வந்தால் நான் தனியத்தான் படுக்கவேணுமாம். எனக்குப் பயம் பெரியம்மா..."

"அது சும்மா போட்டோ தானே குஞ்சு" என்று மழுப்பினேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பித்தான் சொன்னேனா?

அதற்குள் வெள்ளை வான் வந்துவிட்டது. இறங்கியது டிலானி. கொழும்புப் பிள்ளை, வேலை 'ஸ்டைலிஸ்ட்'. அதாவது, வீட்டில் இருப்பதை எல்லாம் அகற்றிவிட்டு, இல்லாததை எல்லாம் வைத்து, "இதுதான் இவர்கள் வீடு" என்று காட்டுகிற வேலை. கூடவே நம் ஊர்க் கமராக்காரத் தம்பி ஒருவர். கல்யாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எடுத்துப் பெயர் பெற்றவர்.

டிலானி அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, என்ன ஒரு ஸ்மெல் வருது?"

"புதுப் பெயின்ற்" என்றாள் சுகந்தி, கண்ணை இமைக்காமல். கட்டிலைச் சுற்றித் தரை வரைக்கும் விரிப்பைத் தொங்கவிட்டு வெங்காயத்தை மறைத்து வைத்திருந்தாள் கெட்டிக்காரி.

அடுத்தது சுவர். பிள்ளையார் படம் போட்ட கலண்டர், ரியூசன் நேரசூசி, புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கட்டு, குஞ்சு சுவரிலேயே பென்சிலால் கீறிய இரண்டு மாடுகள். "ரொம்ப பிஸியா இருக்கே இந்த வோல்" என்றாள் டிலானி. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் பிஸியாக இல்லாதது அந்தச் சுவர் ஒன்றுதான்! எல்லாம் கழன்றது. மாடுகளை மட்டும் கழற்ற முடியவில்லை. அவற்றுக்கு முன்னால் வெள்ளைச் சீலையில் ஒரு கூடாரம் எழும்பியது.

பிறகு வானில் இருந்து 'பிள்ளைப் பருவம்' இறங்கியது. மரத்தில் செய்த ஒட்டகச்சிவிங்கி. தொடக்கூடாத பொம்மைகள். புத்தகங்களும் வந்தன... ஆனால் அவற்றின் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி அடுக்கினாள். பெயர்கள் தெரிந்தால் கண்ணை உறுத்துமாம். எழுதிப் பிழைக்கிற ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாளே என்ற தயவு தாட்சண்யம் வேண்டாமா?

குஞ்சு ஒட்டகச்சிவிங்கியைத் தொட்டாள். "பேபி, நோ நோ" என்றாள் டிலானி. பிள்ளையின் அறையில் பிள்ளை ஒன்றுதான் இடைஞ்சல்.

சுகந்தி வேறு, 'போட்டோ' என்றதும் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, ஒட்டியாணம் பூட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளில் பிழை சொல்ல முடியாது. நம் ஊரில் பெண்பிள்ளையைக் கமராவுக்கு முன்னால் நிறுத்துவது என்றால் வேறு எப்படி? கமராக்காரத் தம்பியும் கை பழகின பழக்கத்தில், "தங்கச்சி, நாடியிலை விரலை வைச்சுச் சாய்ஞ்சு பாருங்கோ" என்று தொடங்கிவிட்டார். டிலானி தலையில் கை வைத்தாள். பட்டு போய், வெளிறிய பருத்திப் பைஜாமா வந்தது. குஞ்சைப் பார்க்க ஆஸ்பத்திரியில் வாட்டுக்கு ஏற்றின பிள்ளை போல இருந்தது.

இனித்தான் விசயம். டிலானி கொண்டுவந்த எல்லாமே வெள்ளை. வெள்ளைத் திரை, வெள்ளை விரிப்பு, வெள்ளைக் கூடாரம். போதாக்குறைக்கு யன்னலுக்கு வெளியே, வெளிச்சத்தை மட்டுப்படுத்த என்று கம்பியில் ஒரு நீள வெள்ளைச் சீலையும் கட்டிவிட்டாள். வாசலில் வெள்ளை வான்... யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் காலங்காத்தாலை வெள்ளை கட்டினால் என்ன அர்த்தம்?

பத்து நிமிசம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ சுகந்தி! ஆரடி பிள்ளை மோசம் போனது? ரூபனுக்கு ஒண்டும் இல்லையே?"

"வாயைக் கழுவுங்கோ அக்கா! போட்டோ எடுக்கினம்!"

"போட்டோவுக்கு ஏனடி வெள்ளை கட்டினனியள்?"

டிலானி விளக்கினாள். "அன்ட்டி, வைட் வந்து ரொம்ப காம், அமைதியான கலர்."

"ஓம் பிள்ளை, செத்தவீடும் அமைதிதான்" என்றார் பூமணி அக்கா.

சுகந்தி மஞ்சள் கரைக்க ஓடினாள். கணவர் அந்நிய தேசத்தில் இருக்க, வீட்டில் வெள்ளை கட்டினால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? மஞ்சள் தண்ணீர் தெளித்து, அறை நிலையில் மாவிலை கட்டிய பிறகுதான் அடுத்த படம் எடுக்க விட்டாள். யன்னல் சீலையிலும் ஒரு மூலையில் மஞ்சள் பூசினாள். டிலானி அழாத குறை.

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும். சாப்பிடாமல் வேலை செய்ய விடமாட்டாள் சுகந்தி. அதன் பிறகு முக்கியமான படம்: பிள்ளை தனியே உறங்கும் காட்சி. பட்டப்பகலில் திரையை இழுத்து இருட்டாக்கி, நீல விளக்கு ஒன்றை நிலவாக்கினார்கள். குஞ்சைக் கட்டிலில் ஏற்றினார்கள்.

"பேபி, தூங்கிற மாதிரி நடிங்க."

குஞ்சு கண்ணை மூடினாள். இமை துடித்தது. திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தபோது இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன.

"எனக்கு நடிக்கத் தெரியாது. அம்மா பக்கத்திலை படுத்தால் உண்மையா நித்திரை கொள்ளுவன்."

"அம்மா ஃபிரேம்ல வரக்கூடாதும்மா..."

சுகந்தி சீலையைத் தூக்கிச் செருகினாள். விரிப்பை விலக்கி, கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டாள்! வெங்காயங்கள் சரசரத்தன. சுவர்ப் பக்க இடுக்கால் ஒரு கை மேலே வந்தது. குஞ்சு அந்தக் கையைப் பிடித்துத் தலையணைக்குக் கீழே செருகிக்கொண்டாள். அடுத்த ஒழுங்கையில் யாரோ தவில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குப் பழகின சத்தம். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, உண்மையான நித்திரை.

"பர்ஃபெக்ட்" என்று டிலானி கிசுகிசுத்தாள். கமரா விடாமல் அடித்தது.

அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே இருந்து கர்ர்ர்... என்று ஒரு சத்தம். டிலானி துள்ளி என்னில் விழுந்தாள். வேறொன்றும் இல்லை. சுகந்தியும் நித்திரை. விடியற்காலையில் எழும்பிச் சமைத்தவள் அல்லவா?

கமராக்காரத் தம்பி பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். டிலானி தலையணையில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். நான் கடைசி பஸ்ஸை நினைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். விரிப்புக்கு வெளியே மெல்ல நீண்ட சுகந்தியின் காலையும், கூடவே உருண்டு வந்த வெங்காயத்தையும் ஒருவரும் பார்க்கவில்லை. கொழும்பில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் முழுச் சுகந்தியை வெங்காயத்தில் மறைக்கப் பார்த்தோம்.

படத்துக்குக் கீழே சஞ்சிகைக்காரர் போட்ட வரி: 'எட்டு வயதில் தனித்துறங்கும் தன்னம்பிக்கை!'

ஊருக்குச் சொல்லவா வேண்டும்? கோயில் வீதியில், சந்தைக்குப் போகிற வழியில், "சுகந்தி, உன்ரை கால் வடிவா விழுந்திருக்கு" என்று ஒரே பாராட்டு. அவளுக்கு அந்தப் பகிடி எல்லாம் காதில் ஏறவில்லை. அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். ரூபனின் அக்கா அந்தப் பக்கத்தை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவர் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டதாம். ஆனால் ரூபனிடம் இருந்து ஒரு சொல் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் என்னை வரச் சொல்லி அழுதாள். போனேன். குஞ்சு தாயின் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். "அப்பா பேசுவாரோ பெரியம்மா? இண்டைக்கே என்னைத் தனியப் படுக்கச் சொல்லுவாரோ?"

எனக்கு ரூபன் மேல் கோபம் கோபமாக வந்தது. காட்டுவதற்காகவே வாழ்கிறோமே, எல்லாரும்! நாங்கள் இங்கிருந்து பூட்டிய அறையைப் படம் எடுத்து அனுப்புகிறோம். அவர்கள் அங்கிருந்து பனிக்குள் காருக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்புகிறார்கள். யாருடைய கார் என்று நாங்கள் கேட்டதில்லை. யார் படுக்கிற அறை என்று அவர்களும் கேட்காமல் விட்டால் என்ன? இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பது என்று இருந்தேன்.

வீடியோ அழைப்பு வந்தது. ரூபனின் முகம். பின்னால் வெறும் சுவர். நம் டிலானி பார்த்தால் மெச்சுவாள் — அவ்வளவு வெறுமை.

"சுகந்தி, கட்டிலுக்குக் கீழை கிடக்கிறது என்ன?"

"வெ... வெங்காயம்."

"வெங்காயத்துக்கு ஆர் மெட்டி போட்டது?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொலைபேசியை வாங்கினேன். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையில் முதலாவது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"மச்சாளும் நிக்கிறியளோ? நல்லதாப் போச்சு" என்றார் ரூபன். முகத்தைக் கையால் துடைத்தார். "அந்தப் படத்தை நேற்று முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தன் மச்சாள். நான் இஞ்சை தனியப் படுக்கத் துடங்கி எத்தினை வருசம்! எனக்கே இன்னும் பழகேல்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னண்டு பழகும்?"

கேட்க வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டேன்.

குஞ்சு எட்டித் திரைக்குள் முகத்தை நீட்டினாள். "அப்பா, அப்ப நான் அம்மாவோடை படுக்கலாமோ?"

"ஓமம்மா, படுங்கோ. சுகந்தி... தைப்பொங்கலுக்கு நான் வரேக்கை, கட்டிலுக்குக் கீழை இன்னொராளுக்கு இடம் கிடக்குமோ?"

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கிடக்கும். அதுக்குள்ளை வெங்காயம் நட்டு முடிஞ்சிடும்."