ராகு காலம் ரத்து

ஆகஸ்ட் நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடம். மலை உச்சியில் மட்டும் மேகம். கீழே செங்கம் சாலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் விடுதியின் மேனேஜர் அம்மா ஊழியர்கள் ஐந்து பேரையும் வரவேற்பறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே யாரும் யாரையும் ஃப்ரீயா இருக்கீங்களானு போன் பண்ணிக் கேக்க வேணாம். எல்லாரும் அவங்கவங்க ஆன்லைன் காலண்டரை மத்தவங்களுக்கு ஷேர் பண்ணிடுங்க. பாத்தாலே தெரிஞ்சுடும்."

நான் அந்த விடுதியின் கணக்கர். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன். எல்லா நாளும் மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பௌர்ணமி அன்று மட்டும் கீழே கவுன்ட்டரில் எனக்கு நாற்காலி. கிரிவலம் வருகிறவர்கள் பையும் பிள்ளைகளுமாக வந்து நெருக்குவார்கள். பதினெட்டு சாவியும் என் கையால்தான் போகும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்கிறேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பௌர்ணமி.

மாடிக்குப் போய்க் காலண்டரைத் திறந்தேன். மற்றவர்களுடையதில் பச்சையும் நீலமுமாகக் கட்டங்கள். டிரைவருக்கு மட்டும் ஒரே நாளில் ஏழு. என்னுடையது வெள்ளை வெளேரென்று கிடந்தது. இதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்தக் கிழவனுக்கு எதற்குச் சம்பளம் என்றுதானே?

நிரப்ப ஆரம்பித்தேன். ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வேளை, கணக்கு சரிபார்ப்பு, மறு சரிபார்ப்பு. அப்போதும் வெள்ளைதான் ஜாஸ்தி தெரிந்தது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்து ஏழு நாளுக்கும் ராகு காலம், எமகண்டம் இரண்டையும் சிவப்பில் போட்டேன். நான் ராகு காலம் பார்க்கிறவன் அல்ல. என் கல்யாணத்துக்கு மட்டும் பார்த்தது. அதையும் பார்த்தவர் மாமனார். ஆனால் காலண்டர் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

ஷேர் பண்ணுவது எப்படி என்று யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்களைச் சேர்க்க ஓர் இடம் இருந்தது. அதில் மற்ற ஐந்து பேரின் மின்னஞ்சலையும் பொறுமையாகப் போட்டேன்.

புதன்கிழமை மேனேஜர் அம்மா மாடிக்கே வந்துவிட்டார். ஊரில் நான்கு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். யாருடைய சாமி விஷயத்திலும் தலையிட மாட்டார்.

"சார், வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு உங்களுக்கு ராகு காலம். மூணுலேர்ந்து நாலரை எமகண்டம். அப்பத்தான் கூட்டமே வரும். பாவம், நீங்க ஏன் சங்கடப்படணும்? கவுன்ட்டரை ரிசப்ஷன்காரரே பாத்துக்கட்டும். நீங்க நிம்மதியா மேல இருங்க."

நான் ராகு காலம் பார்ப்பதில்லை என்று சொன்னால், பின் ஏன் போட்டீர்கள் என்பார். "சரிங்க" என்றேன்.

அவர் படியிறங்கியதும் சிவப்பை ஒவ்வொன்றாக அழித்தேன். அனுப்பட்டுமா என்று கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. சரி என்று அமுக்கினேன். கீழே ஒரே நேரத்தில் பல போன்கள் மணியடித்தன. அழித்தேன், மறுபடி அடித்தன. பதினான்கு தடவை.

ரிசப்ஷன்காரர் கீழேயிருந்து கத்தினார். "சார்! ராகு காலம் ரத்துனு வந்திருக்கு! ரத்து பண்ணது நீங்களாம்! கோயில்ல சொல்லிட்டீங்களா?"

இறங்கிப் போனேன். அப்போதுதான் புரிந்தது: என் ராகு காலம் ஐந்து பேரின் காலண்டரிலும் ஏறியிருக்கிறது. டிரைவர் முகம் வாடியிருந்தது.

"ஏன் சார் எடுத்தீங்க? ஒன்றரை மணி நேரம் யாரும் சவாரிக்குக் கூப்பிடல. நேத்து நல்லாத் தூங்கினேன்."

"நீங்க எங்க எல்லாருக்கும் சேத்துப் பாத்து வச்சிருக்கீங்கனு நெனச்சேன்" என்று மேனேஜர் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்ல. ராகு காலமும் இல்ல. கவுன்ட்டர்ல நான்தான் உக்காரணும்."

"அப்போ எதுக்கு சார் அத்தனை கட்டம்?"

"காலியா இருந்துச்சு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "காலியா இருக்கற ஆளைத் தேடத்தானே சார் காலண்டரே. வெள்ளிக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடுங்க."

"என் தூக்கம்?" என்றார் டிரைவர். "அதுக்கு சார் டீ வாங்கித் தரணும்."

"வடையோட" என்றார், கவுன்ட்டரை இழந்த ரிசப்ஷன்காரர்.

எதிர்க்கடையில் சொன்னேன். டீ பதினைந்து, வடை பத்து. டிரைவர் இரண்டு வடை எடுத்தார். என் டீயில் சர்க்கரை இல்லையே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் காதில் வாங்கவே இல்லை. ஆறு டீ, ஏழு வடை: நூற்று அறுபது ரூபாய்.