அடுக்களை வாசல் வரைக்கும் மட்டும்

இந்த சபையில என்னைக் கைத்தாங்கலா பிடிச்சு உட்கார வச்சவங்க நிறைய பேரு இருக்கீங்க. உங்க முன்னால பேச எனக்குக் கூச்சம்தான். ஆனா ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாம மூடி வச்சா அது பாவம்னு மனசு குத்துது.

என் பேரு தேவதாஸ். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில இருபத்தேழு வருஷம் பால் வெட்டினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஓணம் முடிஞ்ச வாரம், விடிஞ்சும் விடியாத நேரம். மரத்தில வெட்டிட்டு இருக்கும்போதே கத்தி கையை விட்டு நழுவிச்சு. குனிஞ்சு எடுக்கப் போனவன் எழும்பல. கூட வெட்டினவங்க தூக்கி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பக்கவாதம். வலது பக்கம் போயிட்டுது. நாக்கும் குழறிச்சு.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு இருந்தது ரோஸ்பாய் ஒருத்திதான். என் மனைவி. அவதான் குளிப்பாட்டினா, சோறு ஊட்டினா, புரட்டிப் படுக்க வச்சா. நான் நல்ல எடையுள்ள ஆளு. அவ மெலிஞ்ச உடம்பு. என்னைத் தூக்கும்போது பல்லைக் கடிப்பா. பாரம் தாங்காமக் கடிக்கான்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு யார் கையும் பிடிக்காம ஆலயத்துக்கு நடந்து போவேன். மழைக்காலம் முடிஞ்சதும் திரும்ப மரத்தில கத்தி வைப்பேன். இதையே தினமும் ஜெபத்தில ஆண்டவருக்கு உத்தரவு போடுற மாதிரி சொன்னேன். ரோஸ்பாய் பக்கத்தில முழங்கால் போட்டிருப்பா. அவளோட ஜெபம் வேற மாதிரி இருக்கும். "ஆண்டவரே, இன்னைக்கு இவரு சாஞ்சு விழாம உட்காரணும்." அவ்வளவுதான். ஆமென்.

எனக்குக் கோபம் வரும். "ஏட்டி, கடவுள்கிட்ட கேக்கதுக்கு உனக்கு இதுதான் கிடைச்சுதா?" குழறின நாக்கால கேப்பேன். அவ சிரிச்சுட்டு அடுக்களைக்குப் போயிடுவா.

கிறிஸ்துமஸ் வந்துச்சு. ஆலயப் படிக்கட்டில மூணாவது படியில நான் விழுந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். வேட்டி அவிழ்ந்து, புது சட்டையெல்லாம் மண்ணு. பாட்டுப் பாடிட்டு இருந்தவங்க நிறுத்திட்டாங்க.

அதுக்கப்புறம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். ஜெபிக்கல. பயிற்சி செய்யல. வாரம் ஒருநாள் வீட்டுக்கு வர்ற பிசியோதெரபி பிள்ளை, மண்டைக்காட்டுக்காரி, எவ்வளவோ சொல்லிப் பார்த்துது. முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நாலு மாசம் அப்படியே கிடந்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள்கிழமை ரோஸ்பாய் அடுக்களையில மயங்கி விழுந்தா. சத்தம் கேட்டுது. எனக்குப் போக முடியல. கத்தினேன். அடுத்த வீட்டுக்காரங்க ஓடி வந்து தூக்கினாங்க. வயித்தில புற்றுநோய், கல்லீரல் வரைக்கும் பரவியாச்சு, இனி செய்யதுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு ஆறு மாசமா வலி இருந்திருக்கு. சொல்லல. சொன்னா என்னை யாரு தூக்குவான்னு சொல்லல. அவ பல்லைக் கடிச்சது எதுக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

என் கட்டிலுக்கு எதிரே அவளுக்கு ஒரு கட்டில் போட்டாங்க. அவ தங்கச்சி மேரி வந்து எங்க ரெண்டு பேரையும் பார்த்தா. நான் திரும்பவும் ஜெபிக்க ஆரம்பிச்சேன். "அவளை விட்டுட்டு என்னை எடு" என்று அழுது கேட்டேன். அவ உருகிட்டே போனா.

ஒருநாள் மத்தியானம் மேரி ரேஷன் கடைக்குப் போயிருந்தா. ரோஸ்பாய் கண்ணைத் திறந்து, "கொஞ்சம் வெள்ளம்" என்று தண்ணி கேட்டா. பத்தடி தூரத்தில அடுக்களை. நான் எழும்பப் பார்த்தேன். கட்டிலோட ஓரத்தில சரிஞ்சு அப்படியே தொங்கினேன். "வேண்டாம், விடுங்க. மேரி வருவா" என்று சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டா. உதடு வெடிச்சுக் கிடந்துது. மேரி வர ஒரு மணி நேரம் ஆச்சு.

அந்த ஒரு மணி நேரம் நான் அழுத அழுகை ஆண்டவருக்குத் தெரியும். அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா சின்னதா ஒண்ணு கேட்டேன். "ஆலயம் வேண்டாம். தோட்டம் வேண்டாம். அடுக்களை வாசல் வரைக்கும் மட்டும் என்னை நடத்தும். இவளுக்கு ஒரு வாய் தண்ணி நான் கொடுக்கணும்."

அடுத்த வாரம் பிசியோ பிள்ளைகிட்ட நானே பேசினேன். அந்தப் பிள்ளை கேட்டுது, "எதுக்கு நடக்கணும்னு இப்பம் தெரிஞ்சு போச்சு இல்லியா மாமா? இனி தூரத்தை நான் பாத்துக்கிடுதேன். இந்த வாரம் நாற்காலி வரைக்கும். அதுக்கு மேல ஒரு அடி வச்சா நான் ஏசுவேன்."

அந்த வாரம் நாற்காலி. அடுத்த வாரம் ஜன்னல். நடுவில ரெண்டு தடவை விழுந்தேன். விழுந்த மறுநாள் முந்தின நாள் போன தூரம்தான் கேட்டேன், அதுக்கு மேல கேக்கல. ஆறாவது வாரம் அடுக்களை வாசலைத் தொட்டேன். அங்கே நின்னபிறகுதான் உறைச்சுது: இடது கையில கம்பு. தண்ணியை எதில எடுப்பேன்?

வாசலில சாஞ்சு நின்னு அழுதேன். அப்போ ஆணியில தொங்கின சின்னத் தூக்குப்பாத்திரம் கண்ணில பட்டுது. என் வலது கை முட்டியில மடங்கி விறைச்சுப் போய், நெஞ்சோடு ஒட்டி இருக்கும். நீட்ட வராது. செத்த கைன்னு நானே அதைச் சபிச்சிருக்கேன். கம்பைச் சுவரில சாத்தி வச்சு, தூக்கில பாதி தண்ணி எடுத்து அந்த மடக்கில தொங்கவிட்டேன். கொக்கி மாதிரி பிடிச்சுக்கிட்டுது. பைய, பைய வந்தேன். தரையெல்லாம் சிந்திச்சு. நாலு மடக்குத் தண்ணிதான் மிச்சம்.

"நீங்களா கொண்டு வந்திய?" என்று கேட்டா. அவ கட்டில் ஓரத்தில உட்கார்ந்து கம்பைச் சாத்தினேன்; அவ தலையைத் தூக்க, இடது கையால நானே கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சா. குடிச்சுட்டுச் சொன்னா: "ஆண்டவர்கிட்ட நான் இதைத்தான் கேட்டுட்டு இருந்தேன். நான் போனபிறகு ஒரு வாய் வெள்ளத்துக்கு நீங்க யாரையும் பாத்துக் கிடக்கக் கூடாதுன்னு."

எனக்காகத்தான் அவ கேட்டிருக்கா, அன்பானவங்களே. நான் கேட்டது அவளுக்கு. அவ கேட்டது எனக்கு. ஒரே தண்ணியில ரெண்டு பேருக்கும் பதில் வந்துச்சு.

அதுக்கப்புறம் முப்பத்தெட்டு நாள் இருந்தா. அத்தனை நாளும் தண்ணி நான்தான் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில, நீங்க இங்கே பாடிட்டு இருந்த நேரத்தில, அவ போயிட்டா.

அவ உயிரைக் கேட்டேன், கிடைக்கல. ஏன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச நான் வரல. அவளுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கக் கேட்டேன், அது கிடைச்சுது. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் வந்தேன்.

இனி நான் மரத்தில கத்தி வைக்கப் போறதில்லை. என் மரங்களில வேற ஒருத்தர் பால் வெட்டுறாரு. இப்போ கஞ்சி நானே வைக்கேன். பக்கவாதம் வந்து படுத்திருக்கவங்க வீட்டுக்கு வியாழக்கிழமை போறேன். "எங்கே போகணும்? யாருக்காக?" என்று மட்டும் கேப்பேன். உங்களில யாராவது பெரிய ஒண்ணைக் கேட்டு, கிடைக்காம, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா திரும்பிப் பாருங்க. இன்னைக்கு எட்டுற தூரத்தைக் கேளுங்க. அவர் தருவாரு.

எனக்காகவும் ஜெபிச்சுக்கோங்க. ரோஸ்பாயோட சேலைகள் அலமாரியில அப்படியே இருக்கு. பத்து மாசமா திறக்க முடியல. இல்லாதவங்களுக்கு எல்லாத்தையும் ஒரே நாளில எடுத்துக் கொடுக்க எனக்கு ஆகாது. அதனால இந்த வாரம் ஒரே ஒரு சேலையை எடுத்துக் கொடுக்கப் பெலன் கேட்டிருக்கேன்.