காந்தம் தைத்த சட்டை

சேஷகிரி தன் மனைவியின் கையைத் தட்டிவிட்டதைத் தாரணி பார்த்திருக்கக் கூடாது. மோட்டார் அறைச் சாவியைக் கொடுக்க மாடிக் குடித்தனத்திலிருந்து கீழே வந்தவள், திறந்திருந்த கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வீட்டுக்காரர் சேஷகிரி முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தார். ஒரு பட்டன்கூடப் போடவில்லை. பார்க்கின்சன் நோய் வந்த பிறகு அவருடைய வலது கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்வர்ணா மாமி பட்டனைப் போட்டுவிட வந்தாள். அவர் தள்ளிவிட்டார்.

"பேடா, வேண்டாம், விடு. நான் எங்கேயும் போகலை."

மாமி வாசலுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டு குரலைத் தணித்தாள். "ஏரிப்பக்கம் நடக்கப் போறதை நிறுத்திட்டார். டீ ஷர்ட் போட்டுக்கோங்கோன்னா, நான் என்ன காலேஜ் பையனாங்கறார். என்னைத் தொடவும் விடமாட்டேங்கறார்."

"சரிங்க மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாரணி மாடிக்கு ஏறினாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

கரூர்க்காரி. பொம்மனஹள்ளியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டைகளுக்கு பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப் படம், போடுவது அவள் வேலை. கணவன் கவின் ஐடியில் இருந்தான். அல்சூரில் சேஷகிரியின் மாடி வீட்டுக்குக் குடிவந்து சில வருடம் ஆகியிருந்தது. யாரைப் பார்த்தாலும் அவர்கள் உடுப்பை மனதுக்குள் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் பெண்ணின் அக்குள் இழுபட்டால், அந்தப் பெண் இறங்கும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கம்பெனியில் தைத்து முடித்த சட்டையை ஒரு பொம்மைக்கு மாட்டித்தான் சரிபார்ப்பார்கள். அந்தப் பொம்மைக்குக் கை நடுங்காது. அதற்குக் கையே கிடையாது.

அந்த வாரம் முழுக்க அவள் சேஷகிரியின் விரல்களையே நினைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை கீழே போய், அவருடைய பழைய சட்டை ஒன்றைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"ஒண்ணு செஞ்சு பார்க்கிறேனுங்க சார். பிடிக்கலைன்னா பழையபடி தைச்சுத் தந்துடறேன்."

முதலில் பட்டன் பட்டி முழுக்க, ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் வெல்க்ரோ நாடா வைத்தாள். அவர் போட்டுப் பார்த்தார். கழற்றும்போது கிர்ரென்று சத்தம் வந்தது. "கச்சேரிக்குப் போய் உக்காந்து இதை இழுத்தா மிருதங்கக்காரர் திரும்பிப் பார்ப்பார்" என்றார். பட்டனைப் பெரிதாக்கினாள்; துளையைத் தேடியே அவர் களைத்துப் போனார். ஒரு மதியம் சிக்பேட்டைக் கடையில் கைப்பையின் வாய் தானாக மூடிக்கொள்வதைப் பார்த்தாள். உள்ளே இருந்தது சின்னக் காந்தம்.

இரண்டு பக்கப் பட்டன் பட்டியிலும் துணி மடிப்புக்குள்ளே காந்தங்களை வைத்துத் தைத்தாள். வெளியே பழைய பட்டன்களையே ஒப்புக்கு வைத்தாள். பார்ப்பதற்கு எல்லாச் சட்டையையும் போலத்தான் இருந்தது. சேஷகிரி இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் கொண்டுவந்தார். கை ஆடிக்கொண்டே இருந்தது, ஆனாலும் துணி துணியைப் பிடித்துக்கொண்டது. டக், டக் என்று கீழிருந்து மேலே. போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரும்பு கேட்டைச் சாத்தும்போது சட்டை அதோடு போய் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்துக்கொண்டு நடந்தார். மாமி வாசலிலேயே நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தாரணிக்கு நிற்க நேரமில்லை. ஏரிக்கரையில் அவரோடு நடப்பவர்களில் ஒருவருக்கு மூட்டு வீக்கம், ஒருவருக்கு விரலே மடங்காது. ஒவ்வொருவராகத் தங்கள் சட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஞாயிறு முழுக்கத் தையல் மிஷின் ஓடியது. கவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "இது வேலையா வியாதியான்னே தெரியல" என்றான். அவளுக்கும் தெரியவில்லை. ஒன்றை முடித்தால் அடுத்தது கண்ணில் உறுத்தியது: பேன்ட் கொக்கி, கைப்பட்டை. சேஷகிரியின் பால்ய நண்பர் வைத்தீஸ்வரன், குனிந்தால் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி விழுந்துவிடுகிறது என்றார். அவர் சட்டையில் மட்டும் இடப்பக்கப் பையின் வாயிலும் காந்தம் வைத்தாள், கொஞ்சம் வலுவானதாக. அதை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பியபோது ஸ்வர்ணா மாமி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மாமி படியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"வைத்திக்கு மெட்ரோ ஸ்டேஷன்ல மயக்கமா வந்துடுத்தாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுதாம். ஆஸ்பத்திரியில சட்டையைக் கழட்டினதும் சரியாயிடுத்து. அவருக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்குடி தாரணி. அந்த டாக்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துட்டு, இதை யார் தைச்சதுன்னு கேட்டாராம்."

தாரணி படியில் ஏற எடுத்த காலைக் கீழே வைத்தாள். "இப்ப எப்படி இருக்காருங்க?"

"ஆத்துக்கு வந்துட்டார். நன்னா பேசறார். பக்கத்துல காந்தம் இருந்தா அந்த மெஷின் வேற மாதிரி அடிக்க ஆரம்பிச்சுடுமாம். எடுத்துட்டா பழையபடி ஆயிடுமாம்."

அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் வைத்தீஸ்வரன் வீட்டுக்குப் போனாள். அவர் சாய்வு நாற்காலியில், மேலே துண்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது தோளுக்குக் கீழே தோல் ஒரு தீப்பெட்டி அளவுக்கு மேடிட்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழேதான் அவள் பையைத் தைத்திருந்தாள். அவரை நிற்க வைத்துத் தோள், மார்பு, கழுத்து எல்லாம் அளவெடுத்தது அவள்தான். சட்டைக்கு மேலேயே அளவெடுத்திருந்தாள்.

"உள்ள என்ன இருக்குன்னு நான் கேட்டிருக்கணுமுங்க" என்றாள்.

"நானும் சொல்லலியே. காந்தம்னு தெரியும். பேஸ்மேக்கர்னும் தெரியும். ரெண்டையும் சேர்த்து யோசிக்கலை." பிறகு அவரே, "ஆனா பயந்துட்டேன்மா. பொய் சொல்லப்படாது" என்றார்.

அந்தப் 'பயந்துட்டேன்மா' அவளோடேயே வந்தது. கம்பெனியில் கத்தரிக்கோலை வைத்த இடம் மறந்தது. பஸ்ஸில் ஏறும் பெரியவர்களின் மார்பையே பார்த்தாள். யாருக்குள் என்ன இருக்கிறதோ. தைத்துக் கொடுத்த அத்தனை சட்டையையும் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனாள். சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் மனைவி, "எங்க வீட்டுக்காரருக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்லை, நீங்க ஏன் இப்படிப் பதறறீங்க" என்று கேட்டாள். தாரணி சட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் சேஷகிரியிடம் வந்து சட்டைகளை எண்ணிப் பார்த்தாள். அவருக்கு அவள் தைத்தவற்றில் ஒன்று குறைந்தது.

"அதுவா," என்றார் அவர், "பிசியோதெரபிக்குப் போற இடத்துல ரெமிஜியஸ்னு ஒருத்தர். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துடுத்து. பார்க்கப் பாவமா இருந்தது, குடுத்துட்டேன்."

"அவரு நெஞ்சுல ஏதாவது வெச்சிருக்காருங்களா?"

"கேக்கலை."

"எங்க இருக்காரு?"

"ஜீவனஹள்ளி. சர்ச்சுக்குப் பின்னாடின்னு சொன்ன ஞாபகம். இரு, நானும் வரேன். நான் குடுத்த சட்டை."

ஆட்டோவில் அவள் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. சிக்னல் விழும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். சேஷகிரியின் கை அவர் தொடைமேல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் காலும் அதே வேகத்தில் ஆடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். சர்ச்சுக்குப் பின்னால் ரெமிஜியஸ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். முதல் வீட்டில் இருந்தவர் திடகாத்திரமான ஆள். யாரிடமும் சட்டை வாங்கவில்லை என்று சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த சந்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

தாரணி வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், உங்க நெஞ்சுல பேஸ்மேக்கர் மாதிரி எதாவது வெச்சிருக்காங்களா?"

"இல்லியே. எதுக்கு?"

"வேற எதும் மெஷின்?"

"ஒண்ணும் இல்லம்மா. கை ஒண்ணுதான் வேலை செய்யல."

அவளுக்கு மூச்சு திரும்பியது. நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, சட்டையைத் திருப்பித் தரும்படி கேட்டாள்.

ரெமிஜியஸ் சேஷகிரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நக்கோ. தர மாட்டேன்."

"புதுசா வேற ஒண்ணு தைச்சுத் தரேனுங்க."

"வேறன்னா? இந்த ஒரு கையால நானே போடறது இது ஒண்ணுதான். மத்ததுக்கெல்லாம் பொண்டாட்டிய கூப்டணும். அவ வீட்டு வேலைக்கு காத்தாலயே போயிடுவா. அதுவரைக்கும் நான் பனியனோட ஒக்காந்திருக்கணும். யாருக்கோ ஆவலன்னு எங்கிட்ட ஏன் புடுங்கறீங்க?"

இத்தனை நாளாக ஒவ்வொரு வாசலிலும் நின்று வாங்கிய சட்டைகள் தாரணி வீட்டுக் கட்டில்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குவிந்து கிடந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது எதைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. தன் பயம் தணிந்தால் போதும் என்று வாங்கி வந்துவிட்டாள்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது நெஞ்சுல மெஷின் இருக்குங்களா? பக்கத்துல படுக்கறவங்க, சாய்ஞ்சுக்கறவங்க?"

"யாருக்கும் இல்ல. இந்த வயசுல எம்மேல யாரு சாயப்போறா" என்றார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

"சார், சட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். இதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. காலர்ல ஒரு நாடாத் துண்டு தைச்சு விடட்டுங்களா?"

கைப்பையில் எப்போதும் ஊசிநூல் இருக்கும். வெள்ளை நாடாவில் பேனாவால் 'காந்தம் உள்ளது, நெஞ்சில் கருவி வைத்திருப்பவர் போடக் கூடாது' என்று தமிழில் எழுதினாள். அதையே சேஷகிரி சொல்லச் சொல்லக் கன்னடத்திலும் எழுதினாள். ரெமிஜியஸ் கழற்றவில்லை. குனிந்து கழுத்தைக் காட்டினார். அவள் நின்றபடியே காலரில் தைத்தாள்.

திரும்பும்போது சேஷகிரி, "என்னோடதும் வாங்கிக்கப் போறியோன்னு நினைச்சேன்" என்றார்.

"உங்களையும் கேக்கணுமுங்க. உங்களுக்கு நெஞ்சுல மெஷின் ஏதாவது?"

"இப்போ இல்லை. மூளையில ஒயர் விட்டு, நெஞ்சில ஒரு மெஷின் வைக்கற ஆபரேஷன் இருக்குன்னு டாக்டர் சொல்லிண்டிருக்கார். வச்சுண்டா கை ஆடறது குறையுமாம்." வெளியே பார்த்தார். "வச்சுக்கும்போது சொல்றேன்."

அடுத்த நாட்களில் அவள் மறுபடி அதே வாசல்களில் ஏறினாள். இம்முறை முதலில் உட்கார்ந்து கேட்டாள்: என்ன சிகிச்சை, உடம்பில் என்ன இருக்கிறது, இரவில் யார் பக்கத்தில். சந்தேகம் இருந்தவர்களை டாக்டரிடம் கேட்டுவரச் சொன்னாள். கருவி எதுவும் இல்லாதவர்களுக்குச் சட்டைகள் காலரில் நாடாவோடு திரும்பிப் போயின. முகம் சுளித்தவர்களில் ஒருவர் காபி கொடுத்தார்.

மீதி இருந்தது வைத்தீஸ்வரன். அவருக்கு விரல்தான் மடங்காது, தோள் நன்றாகத் தூக்கும். ஆகவே அவருக்குக் காந்தமே இல்லாமல், பட்டன் பட்டியைக் கீழிருந்து நெஞ்சுவரை நிரந்தரமாகத் தைத்து மூடிவிட்டாள். மேலே கழுத்தை மட்டும் அகலமாகத் திறந்து, பனியன் போலத் தலைவழியாகப் போடும்படி செய்தாள். கழுத்தை மூட ஒரு சின்ன வெல்க்ரோ. முதல் சட்டை காதில் இடித்தது. இரண்டாவதில் கழுத்து தொங்கியது. அவர், "பரவாயில்லை, நன்னாத்தான் இருக்கு" என்றார். அந்தப் பரவாயில்லையை அவளால் தாங்க முடியவில்லை. பிரித்து மூன்றாவது முறை தைத்தாள். அதற்கும் அவர் அதே முகத்தோடு அதையே சொன்னார்.

மரியாதைக்குச் சொல்கிறாரோ என்ற எண்ணம் அவளைப் பல நாள் அரித்தது. சட்டை பீரோவுக்குள் கிடக்கும் என்றே நினைத்தாள். ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போய் அழைப்புமணியை அடித்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு அவரே கதவைத் திறந்தார். அவள் முகம் வாடியது.

"அந்தச் சட்டை சரியில்லைங்களா சார்?"

"சட்டையா? அதோ" என்று கொடியைக் காட்டினார். காலர் ஓரம் லேசாக வெளுத்து, நீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. "நானே போட்டுக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு. தோய்ச்சுப் போட்டா காயற வரைக்கும் வெளியே போக முடியறதில்லை. பால் வாங்கக்கூடப் போகலை."

அவள் கொடிக்குப் பக்கத்தில் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்துத் தையல் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அடுத்ததில் அதை அரை விரல் தள்ளித் தைக்க வேண்டும். கெட்டித் துணி வேண்டாம், சீக்கிரம் காய்கிற மெல்லிய பருத்தி எடுக்க வேண்டும். வைத்தீஸ்வரன் காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தைக்கிறேனுங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.