தரிசு என்று நான் எழுதிய நிலத்துக்கு, ஆலங்காயம் வழியாக

சீனச் சண்டை ஓய்ந்த அடுத்த தை மாதம் நான் முதல் தடவையாக ஜவ்வாது மலை ஏறினேன். வேடிக்கை பார்க்க அல்ல. மாஜி சிப்பாய்களுக்கு மலையில் நிலம் வேண்டும் என்று எங்கள் சங்கம் மனுப் போட்டிருந்தது. நாற்பது ஏக்கரைக் குறித்து ஒரு வரைபடமும் வந்துவிட்டது. அந்த நிலத்தைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வரும்படி சங்கத் தலைவர் சுபேதார் சாப் என்னை அனுப்பினார். இப்போது தேர்தல் நெருங்குகிறது, நிலம் கேட்பவர்களின் இரண்டாவது பட்டியலும் தயார். அதற்காக மலை ஏறப்போகும் அங்கத்தினர்களுக்கு உதவியாக வழியையும் செலவையும் சங்க மடலில் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வெளியே வந்தவன். வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் மேஸ்திரி. சங்கத்தில் எனக்குப் பதவி ஏதுமில்லை. சொன்ன வேலையைச் செய்பவன் என்ற பெயர் மட்டும் உண்டு, அந்தப் பெயரால்தான் இந்தப் பயணம் வாய்த்தது.

சுபேதார் சாப் காரியத்தில் கெட்டிக்காரர். மெடல்களைக் குத்திக்கொண்டு ஒவ்வொரு கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் போய் நிற்பார். "துப்பாக்கி புடிச்ச கை ஓட்டும் போடும்" என்பார். நாட்டுக்காகச் சண்டை போட்டவன் கிழிந்த சட்டையோடு அலைவதைக் கண்டு அவர் கொதித்தது உண்மை. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. மலை ஏறிப் பார்க்கத் தாலுகா ஆபீஸில் ஓர் அதிகாரிக்கும் மூச்சில்லை என்பதால், சங்கம் தரும் படிவமே போதும் என்று பேச்சாகியிருந்தது.

வாணியம்பாடியில் முதல் பஸ் காலை ஆறேகால். ஆலங்காயம் பதினொரு மைல், டிக்கெட் நாற்பத்தைந்து நயா பைசா. (விலையெல்லாம் அன்றையது, இப்போது கொஞ்சம் கூட இருக்கும்.) ஏழே காலுக்கு இறங்கி டீயும் பன்னும் சாப்பிட்டேன், இருபது பைசா. அங்கிருந்து மலையடிவாரம் மூன்று மைல். புளி ஏற்றி வரக் காலியாகப் போகும் மாட்டுவண்டிகள் கிடைக்கும். ஒரு ரூபாய் கேட்பார்கள், எழுபத்தைந்து பைசாவுக்கு இறங்குவார்கள்.

"இன்னா பாய், இந்தப் பனியில மேல இன்னா வேல?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"நிலம் பார்க்கப் போறேன்."

அவர் மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். "மேல இருக்கிற நெலத்த கீழ இருக்கிறவங்க பாக்க வந்தா, மேல இருக்கிறவனுக்கு நல்லதில்லியே."

எனக்குக் கோபம் வந்தது. பேசின காசைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அடிவாரத்திலிருந்து ஊர் ஆறு மைல், ஏற்றம் மட்டுமே. எனக்கு நாலு மணி நேரம் பிடித்தது. மூன்றாவது மைலில் பாறைக்குக் கீழே ஒரு ஊற்று இருக்கிறது. அதை விட்டால் ஊர் வரை தண்ணீர் இல்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள், சரளைக்கல்லில் வழுக்கும். பட்டாளத்து வீறாப்பில் நான் போட்டுக்கொண்டு போய் இரண்டு தடவை விழுந்தேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. சாமை அறுவடை முடிந்து களமெல்லாம் தூசியாக இருந்தது. வரைபடத்தை விரித்து வழி கேட்டதும், முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் எழுந்து வந்தார். காதோரம் நரைத்திருந்தது. என் முகத்தையும் பூட்ஸையும் பார்த்தார்.

"நாயக்கு தானே நீங்க?" என்றார்.

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. தீர்த்தன். பர்மாவில் நான் நாயக்காக இருந்தபோது என் செக்‌ஷனில் இருந்த சிப்பாய்.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பயணம் விளங்காது. பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது, ஜப்பான்காரனுக்குச் சாப்பாடு கிடைக்கக்கூடாது என்று ஒரு கிராமத்தின் நெற்குதிர்களைக் கொளுத்த உத்தரவு வந்தது. பந்தத்தைத் தீர்த்தன் கையில் கொடுத்தேன். குதிருக்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சோத்துல நெருப்பு வெக்க மாட்டேன் நாயக்கு" என்றான். "மேலேருந்து வந்த உத்தரவு, என் கையில என்ன இருக்கு?" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு பந்தத்தைப் பிடுங்கி நானே வைத்தேன். கோர்ட் மார்ஷலில் அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் நான்தான். அவனுக்கு ஜெயிலும் டிஸ்மிஸ்ஸும், எனக்கு ஹவில்தாராகச் சட்டைக் கையில் மூன்றாவது பட்டையும் கிடைத்தன. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் தூங்கினேன். அம்புக்குக் கண் கிடையாது. எனக்கு இரண்டு இருந்தன.

தீர்த்தன் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும் போடச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் நிலத்துக்குக் கூட்டிப்போனார்.

நாற்பது ஏக்கரும் உண்ணிச்செடியும் கோரைப்புல்லுமாகக் கிடந்தது. நடுநடுவே புளியமரங்கள். பார்த்தால் யாரும் தரிசு என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன்.

"தரிசு இல்ல நாயக்கு, இளைப்பாறுது" என்றார் தீர்த்தன். "ரெண்டு வருசம் சாம போடுவோம். அப்பறம் நாலு வருசம் சும்மா வுட்ருவோம். வுடலேன்னா மண்ணு செத்துப்பூடும். வர்ற ஆடியில நான் ஏரு பூட்டணும். இதுல பத்து ஏக்கரு எங்க வூட்டோடது. ஆறு பேரு இத நம்பித்தான் இருக்கோம்."

ஓரங்களைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்குக் கல் குவியல்கள், பாசி பிடித்துக் கறுத்துப் போனவை. உழும்போது தட்டுப்படும் கல்லை ஒவ்வொரு தலைமுறையும் பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். பட்டா என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தக் கற்கள்தான் அவர்களுக்குப் பத்திரம்.

"இந்தப் பட்டியல்ல எனக்கு எடம் இருக்கா? நானும் பட்டாளத்துல இருந்தவன் தானே?" என்று கேட்டார்.

"டிஸ்மிஸ் ஆனவங்களுக்கு இல்லை" என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரி, அத வுடுங்க. நீங்க பாத்தத மட்டும் எழுதுங்க. எழுதப்போறது உங்க கைதானே?"

"இடத்தை மேலேயே முடிவு பண்ணிட்டாங்க தீர்த்தன். என் கையில என்ன இருக்கு?"

தீர்த்தன் குனிந்து காலடியில் கிடந்த கல்லொன்றை எடுத்துக் குவியலில் போட்டார். "அன்னிக்கும் இதான் சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். ஊர் எல்லை வரை வந்து வழியனுப்பினார்.

இறங்க இரண்டரை மணி நேரம் போதும். ஆலங்காயத்தில் கடைசி பஸ் ஏழு மணிக்கு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். 'நிலத்தின் நிலை' என்று ஒரு கட்டம். சாகுபடி, தரிசு, இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். 'இளைப்பாறும் நிலம்' என்று எழுத அந்தக் கட்டத்தில் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் புறப்படும் முன் சுபேதார் சாப் சொல்லியிருந்தார், "தரிசுன்னு எழுதிட்டு வா." நான் தரிசு என்று எழுதினேன். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை, ஒரு சென்ட் நிலமும் எனக்கு வரப்போவதில்லை. ஆசைப்பட்டுச் செய்தேன் என்றாலாவது மனிதக் குணம் என்று விட்டுவிடலாம். நான் செய்தது வெறும் பழக்கம். மறுநாள் சுபேதார் சாப் என் தோளில் தட்டி, நல்ல சோல்ஜர் என்றார்.

நம் ஆட்கள் இருபது பேருக்கு நிலம் கிடைத்தது. மாலை போட்டு அனுப்பினோம். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் மலைப்பக்கம் போகவில்லை. போன புரட்டாசியில்தான், இந்த மடலுக்கு எழுத வேண்டுமே என்ற சாக்கில், மறுபடி ஏறினேன்.

ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. நம் ஆட்கள் கையோடு புளியமரங்களை வெட்டி விறகுக்கு விற்றார்கள். ஓரத்துக் கல்லையெல்லாம் உருட்டி வீட்டுக்குச் சுவர் வைத்தார்கள். சரிவில் மேலிருந்து கீழாக ஏர் ஓட்டினார்கள், சமவெளியில் நாம் எப்படி ஓட்டினாலும் கேட்பாரில்லை அல்லவா? ஐப்பசி மழை மேல்மண்ணை மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது வருடம் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நிலம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். தீர்த்தன் குடும்பத்தோடு குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். முகவரி யாருக்கும் தெரியவில்லை.

அந்த நாற்பது ஏக்கரை நடந்து பார்த்தேன். சுவர்கள் இடிந்து நிலம் முழுக்கக் கல் சிதறிக் கிடந்தது. ஒரு புல் இல்லை. என் படிவத்தில் இருப்பது இப்போது அப்பட்டமான உண்மை.

ஏறப்போகிறவர்களுக்கு: ஆறேகால் பஸ்ஸைப் பிடியுங்கள். ஊற்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். போகவர மூன்று ரூபாய் தாராளம். நிலத்தைப் பார்க்கும்போது செடியைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். கல் சிதறிக் கிடந்தால் தரிசு. குவிந்து கிடந்தால் அதற்கு ஆள் உண்டு, அந்தக் கட்டத்தில் அதைத்தான் எழுத வேண்டும். நிலம் கேட்பது நம் உரிமை. யாருடையதைக் கேட்கிறோம் என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

இது மடலில் அச்சாகுமா, தெரியாது. கையால் எழுதிய பிரதி ஒன்றை ஆலங்காயம் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். மலை ஏறும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள். வழியையும் செலவையும் மட்டும் எழுதச் சொன்னார் சுபேதார் சாப். மற்றதெல்லாம் யார் உத்தரவும் இல்லாமல் நானாக எழுதியது. என் ஆயுளில் இதுதான் முதல் தடவை, அதுவும் தீர்த்தன் போன பிறகு.