பலகைக்கு வைத்த பொட்டு

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பறையில் கருவிகளைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு வைத்திருக்கும் பதவிப் பெயர் என் அடையாள அட்டையில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. கடைசிச் சொல் அடுத்த வரியில் இறங்கித் தனியாக நிற்கும். ஆசிரியர்கள் அவ்வளவு சிரமப்படுவதில்லை. 'கம்ப்யூட்டர் சார்' என்று முடித்துக்கொள்வார்கள்.

இந்தப் பதவி எனக்குக் கிடைத்த விதம் எளியது. கடலாடிப் பக்கம் ஒரு பள்ளியில் நானும் சாதாரண வாத்தியாராகத்தான் இருந்தேன். ஒரு கூட்டத்தில் புரொஜெக்டர் படத்தைத் தலைகீழாகக் காட்டியது. அதிகாரி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே பேசினார். நாங்களும் மரியாதைக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டோம். கழுத்து வலி தாங்காமல் நான் எழுந்துபோய் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினேன். படம் நேரானது. அந்த இயந்திரத்தையே கண்டுபிடித்தவனைப் பார்ப்பதுபோல் அதிகாரி என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் ஆணை வந்துவிட்டது. இனி கடற்கரைப் பள்ளிகளுக்கெல்லாம் நான்தான் வழிகாட்டி.

அப்படி நான் வழிகாட்டிய பள்ளிகளில் ஒன்று, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் மணல் பாதையில், ஒரு மீனவர் ஊரில் இருந்தது. ஒரு தலைமையாசிரியை, ஓர் உதவி ஆசிரியர். உதவி ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு என்று நாட்டுக்கு அவர் எப்போதும் தேவைப்பட்டார். ஐந்து வகுப்பையும் ஊரே 'டீச்சர்' என்று கூப்பிடும் தலைமையாசிரியையே பார்த்துக்கொண்டார்.

டீச்சருக்கு ஒரே ஒரு பயம்தான். அந்தப் பயம் மஞ்சள் நிறத்தில் தினமும் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் வேன் அது. வருடத்துக்கு வருடம் ஊரில் இருந்து அதில் ஏறுகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். இன்னும் கொஞ்சம் குறைந்தால் இந்தப் பள்ளியை மூடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். தனுஷ்கோடி பார்க்கப் பறக்கும் சுற்றுலா பஸ்களுக்கு நடுவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டிவரும்.

"பூட்டுப் போட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போற டீச்சரா நான் இருக்க மாட்டேன் தம்பி" என்பார். கோபமாகத்தான் சொல்வார். ஆனால் கண் வேன் போன பாதையிலேயே இருக்கும்.

இந்த நிலையில்தான் பள்ளிக்குத் தொடுதிரைப் பலகை வந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. விரலால் எழுதலாம், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். வேன் பள்ளியில் அது விளம்பர நோட்டீஸில் மட்டும்தான் இருந்தது. இங்கே நிஜமாகவே இருந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. அடுத்த சில வாரங்களில் சில பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கி, டையைக் கழற்றிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பலகையோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. எவ்வளவு தொடுகிறார்கள் என்பதைப் பலகையே எண்ணி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். சரியாகப் பயன்படுத்தாத பள்ளியிலிருந்து அதைக் கழற்றி, ஆர்வமுள்ள வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆர்வத்தை அளக்க இயந்திரம் வந்தபிறகு மனிதர்கள் எதற்கு என்று அலுவலகத்தில் நினைத்திருக்கலாம்.

ஆயுத பூஜை முடிந்து சில வாரங்கள் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"தம்பி, போர்டு தானா எழுதுது."

போனேன். பலகைக்கு ஜரிகை வைத்த பழைய பட்டுச்சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தார் டீச்சர். உப்புக்காற்று படக்கூடாதாம். உறையை விலக்கினால், யாரும் தொடாமலேயே திரையின் நாலு பக்கத்திலிருந்தும் கோடுகள் கிளம்பி ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"சார், பேய் படிக்க வந்துருக்கு சார்!"

"ஏலே, சும்மா இருங்கலே" என்று டீச்சர் அதட்டினார். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "ராத்திரியிலயும் நிக்க மாட்டேங்குது. திடீர்னு சுவிட்ச அணைக்கக் கூடாதுன்னு நீங்கதான பயிற்சியில சொன்னீக? அதான் அப்படியே மூடிப் போட்டுட்டுப் போயிருவேன்" என்றார்.

பயிற்சியில் நான் சொன்னதில் ஒன்றையாவது ஒருவர் கடைப்பிடித்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் துறையின் மொத்த ஞானமும் அணைத்துவிட்டு மறுபடி போடுவது. அதைச் செய்தேன். கோடுகள் புதுத் தெம்போடு ஓடின. கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்று செல்போனை எடுத்தால், இலங்கை உங்களை அன்புடன் வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி. இந்தக் கரையில் அது வழக்கம்தான். அக்கரை செல்போன் கோபுரம் நம் போனை இழுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட் எடுக்காமலேயே நான் பலமுறை வெளிநாடு போய்வந்திருக்கிறேன். மணலில் கொஞ்ச தூரம் நடந்து தாய்நாட்டுக்குத் திரும்பிப் பேசினேன். அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

சோர்ந்துபோய்த் திரும்பிவந்து பலகையின் சட்டத்தில் கையை ஊன்றி நின்றேன். உப்புக்காற்றில் நமுத்துப்போன ஏதோ ஒன்று விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. குனிந்து பார்த்தேன். சந்தனம். அதன்மேல் குங்குமம். நாலு பக்கமும், சட்டத்தின் உள்விளிம்பில், படகின் எஞ்சினுக்கு வைப்பதுபோல் தாராளமாக வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை அன்று ஊர்த் தாய்மார்கள் வந்து எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டிப் பலகைக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அதை விரல் மறைத்தால்தான் பலகைக்குத் தொட்டது தெரியும். சந்தனம் மறைத்தாலும் அதற்கு விரல்தான். வாரக்கணக்காக ராத்திரி பகலாக யாரோ தன்னைத் தொட்டுக்கொண்டே இருப்பதாகப் பலகை நம்பியிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் கைக்குட்டையை எடுத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"பொட்டையா அழிக்கப் போறீக? ஆம்பளையெல்லாம் கடல்ல கெடக்காக தம்பி!"

வாசலில் பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு தாய் நின்றிருந்தார். அவர் என் கைக்குட்டையை மட்டும் பார்த்தார். படகு கடலில் இருக்கும்போது பொட்டை அழிப்பதைப் பற்றி எங்கள் பயிற்சிக் கையேட்டில் பக்கம் எதுவும் இல்லை. சிரிப்பு வரத்தான் செய்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் படகுகள் கரைக்கு வந்து, எல்லா வீட்டு ஆண்களும் வந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு அந்தத் தாயே வந்தார். ஈரத்துணியால் பொட்டுகளை ஒற்றி எடுத்தார். கையோடு கொண்டுவந்த சந்தனத்தைப் பலகையின் இரும்புக் காலில் பெரிதாக அப்பினார். பலகை அடங்கியது.

பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தொட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு சின்னப்பெண், விரலைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, எக்கி நின்று 'அ' போட்டாள். போட்டதும் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். இந்த வேலையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அடுத்த மாதம் ஆய்வுக் கூட்டம். பலகைகள் அனுப்பிய கணக்கை அதிகாரி திரையில் வரைபடமாகப் போட்டார். ஆயுத பூஜைக்குப் பிந்தைய வாரங்களில் வட்டாரத்திலேயே அதிகம் தொடப்பட்ட பலகை எங்கள் கடற்கரைப் பள்ளியுடையது. வானத்தைத் தொடுகிற மாதிரி ஏறி நின்றது கோடு. அதற்குப் பிறகு அதே கோடு தரையில் விழுந்து கிடந்தது.

"இந்தப் பள்ளிக்கு என்ன ஆச்சு? ஆர்வமே போயிடுச்சே" என்றார் அதிகாரி.

எழுந்து விளக்கினேன். முன்னால் தொட்டது சந்தனம் ஐயா, இப்போது தொடுவதுதான் பிள்ளைகள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க போய்ச் சரி பண்ணதுக்கு அப்புறம்தான் குறைஞ்சிருக்கு. அப்படி என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

கணக்குப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், ஏறவில்லை என்றால் பலகையைக் கழற்றி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று முடித்தார்.

செய்தியைச் சொல்லும் பாக்கியமும் எனக்குத்தான். சாயங்காலம் பள்ளி விட்டிருந்த நேரம். டீச்சர் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை மூடிவைத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, பிள்ளைகளை இறக்கிவிட வந்த மஞ்சள் வேன் ஹாரன் அடித்தது. இருவரும் கேட்டோம். போர்டு போனால், அதை நம்பி இறங்கிவந்த பிள்ளைகள் மறுபடி வேனில் ஏறுவார்கள். அதற்குப் பிறகு பூட்டும் சாவியும்தான். எனக்கு அதிகாரி மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. சும்மா இருந்த சந்தனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

டீச்சர் எழுந்து பலகையிடம் போனார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் மெல்லக் கிளப்பினார். தூங்கப்போகும்போது பெண்கள் கண்ணாடியில் ஒட்டிவைப்பார்களே, அதேபோல் எடுத்துச் சட்டத்தின் உள்விளிம்பில் ஒட்டி அழுத்தினார். திரையில் ஒரு கோடு துடித்துக் கிளம்பியது.

"அழிக்கலயே தம்பி. கழட்டித்தான வைக்கிறேன். காலையில வந்து எடுத்து வச்சுக்குவேன்."

"புதுசா ஒண்ணு ஒட்டலாமே டீச்சர்?"

"புதுசுன்னா காலையில எடுக்க மறந்துரும். என் நெத்தியில இருந்து போனாத்தான் ஞாபகம் இருக்கும். பிள்ளைக தொடுறப்ப இது அங்கன இருக்கக் கூடாதுல்ல?"

இது முறைகேடு. தடுப்பது என் கடமை. அரசு அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறது. நான் பலகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேல தள்ளி ஒட்டுங்க டீச்சர். அங்கனதான் நல்லாப் புடிக்கும்" என்றேன். அந்தப் பள்ளிக்கு நான் செய்த உருப்படியான தொழில்நுட்ப உதவி அது ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் கோடு மறுபடி ஏறி நின்றது. பலகையைக் கழற்றும் பேச்சே எழவில்லை. எப்படிச் சாதித்தீர்கள் என்று மற்ற பள்ளிகளுக்கும் எடுத்துச் சொல்லும்படி அதிகாரி என்னைக் கேட்டுக்கொண்டார். ஆசிரியரின் ஈடுபாடு என்ற தலைப்பில் வெகுநேரம் பேசினேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அண்மையில் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். டீச்சர் பலகைக்கு உறையைப் போட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினார். நானும் கூட நடந்தேன். மணல் பாதையில் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், நெத்தி வெறுமையா வாரீக?"

"பள்ளிக்கூடத்துல வச்சுட்டு வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ்ஸுக்கு நடந்தார்.